ஆறு ஏன் விழல? டீச்சர் ஆகப்போறவங்களும் ப்ராபபிலிட்டியும்

போன வாரம் அக்கா பொண்ணோட லூடோ ஆடிட்டு இருந்தேன். நாலாவது படிக்கிறா. காயை வெளிய எடுக்க ஆறு விழணும், விழவே இல்ல. "மாமா, ஆறுக்கு மட்டும் சான்ஸ் கம்மியா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, எல்லா நம்பருக்கும் ஒரே சான்ஸ்தான், ஆறுல ஒண்ணு"ன்னேன். "அப்போ ஆறு தடவை உருட்டினா ஒரு தடவையாவது விழணும்ல? நான் எட்டு தடவை உருட்டிட்டேன்!"

இன்ஜினியரிங்ல ப்ராபபிலிட்டி பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். ஆனா அவகிட்ட சொல்ல ஒரு வாக்கியம் கூட வரல. "பெரிய கிளாஸ்ல சொல்லித் தருவாங்க"ன்னு தப்பிச்சுட்டேன்.

இந்த இடைவெளியை ஸ்பெயின்ல அளந்தே பார்த்திருக்காங்க. அங்கே 2006 பாடத்திட்டத்துலயே தொடக்கப் பள்ளிக் கணக்குல நிகழ்தகவு இருக்கு. அதை நடத்தப்போற பயிற்சி ஆசிரியர்களுக்காக அசும்தா எஸ்த்ராதா, கார்மென் பத்தானெரோ ரெண்டு பேரும் 28 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரிச்சாங்க. ஒவ்வொண்ணையும் எவ்வளவு ஒத்துக்கறீங்கன்னு குறிக்கணும். அதுல 'நிகழ்தகவு பிடிக்குமா, வருமா' என்பது தனி. 'அதை நடத்தப் பிடிக்குமா, நடத்த வருமா' என்பது தனி. அதுக்கு மதிப்பு இருக்குன்னு நினைக்கிறீங்களா என்பது இன்னொண்ணு. ஒருத்தரே ஒண்ணுக்கு 'ஆமா'ன்னும் இன்னொண்ணுக்கு 'ஐயோ'ன்னும் சொல்லலாம். நான் ரெண்டாவதுல ஃபெயில்.

நடத்துறதுல என்ன பயம்? எனக்குத் தோணுறது இதுதான். ஏழும் அஞ்சும் எத்தனை தடவை கூட்டினாலும் 12. ஆனா கிளாஸ்ல காசை 20 தடவை சுண்டினா 13 தலை விழலாம். பூவும் தலையும் பாதிக்குப் பாதின்னு இப்பதான் போர்டுல எழுதின டீச்சர், 40 பசங்க முன்னாடி அதை விளக்கணும். தன் மேல நம்பிக்கை இல்லாதவங்க காசை வெளிய எடுக்கவே மாட்டாங்க. ஃபார்முலாவை எழுதிட்டு அடுத்த பாடம். பசங்க மனசுல 'ஆறுக்கு ராசி இல்ல' அப்படியே தங்கிடும். அவங்கள்ல சிலர் பின்னாடி டீச்சர் டிரெய்னிங்கும் போவாங்க.

இந்த ஞாயிறு நாங்க திரும்ப உட்கார்ந்தோம். ஆறு உருட்டல் ஒரு செட். மொத்தம் 30 செட், எல்லாம் நோட்டுல. ஆறே விழாத செட் எத்தனைன்னு எண்ணணும். அஞ்சு பை ஆறை ஆறு தடவை பெருக்கினா சுமார் 0.33. அதாவது கிட்டத்தட்ட மூணு செட்டுக்கு ஒண்ணு, 30-ல சுமார் 10. எங்களுக்கு வந்தது 12.

"அப்போ உன் கணக்கு தப்பா மாமா?"

இந்தத் தடவை தப்பிச்சு ஓடல. இன்னும் 30 செட் உருட்டலாம் வான்னு சொன்னேன்.