மாடிசன் நகரத்துக் கோழிகள்

அமெரிக்க நாட்டின் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகராகிய மாடிசன், மென்டோட்டா, மொனோனா என்னும் இரண்டு ஏரிகளுக்கிடையே அமைந்த நகரம். அங்கே வீட்டு வளவிற் கோழி வளர்ப்பதற்கு 2004 ஆம் ஆண்டுவரை நகர விதிகள் இடந்தரவில்லை. ஆயினும் நல்ல முட்டை வேண்டி மறைவாக வளர்த்தோர் பலர். கள்ளச் சாராயம் காய்ச்சுவோரைப்போற் கோழி வளர்ப்போரும் ஒளிந்து வாழ நேர்ந்தமை நகைப்புக்குரியதன்றோ! கோழித் தலைமறைவுக் கூட்டத்தார் என்று தம்மை வேடிக்கையாக அழைத்துக்கொண்ட அவர்கள், ஈற்றில் வெளிப்பட்டு நகரசபையாரிடம் தம் வழக்கை எடுத்துரைத்தனர்.

2004 இல் விதி திருத்தப்பெற்றது. வீட்டுக்கு நான்கு பெட்டைகள் வளர்க்க அப்போது இடமளிக்கப்பெற்றது. வளவில் அறுத்தல் ஆகாது. சேவலோ அறவே ஆகாது.

சேவலின்றி முட்டை ஏது என்று வினவுவோர் உளர். பெட்டை தனித்தும் முட்டையிடும். அம்முட்டை குஞ்சு பொரியாது, அவ்வளவே. கோழியின் பெண்ணுக்கு அளகு என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரைக்கின்றது. மாடிசன் நகரசபையார் அந்நூலைக் கண்டிலர். எனினும் ஆண் பெண் பாகுபாட்டில் அவர்களும் சளைத்தவரல்லர்.

அயலவரின் வைகறை உறக்கத்தைப் பேணியது நீதியே. ஆனால், இளங்குஞ்சில் ஆண் பெண் பிரித்தறிதல் எளிதன்று. பெட்டையென வாங்கிப் பிள்ளைகள் பெயரிட்டு வளர்த்த குஞ்சு, சில மாதங்களின் பின் ஒருநாள் விடியலில் மதிலேறிக் கூவிவிட்டால், நகர எல்லைக்கு அப்பால் அதற்கொரு புகலிடம் தேடவேண்டியதுதான். என் நெஞ்சம் அச்சேவலின் பக்கமே சாய்கின்றது.