போபோடியில் தீபாவளி



புனே நகரில் முளா ஆற்றையொட்டி இருக்கிறது போபோடி. பக்கத்தில் கட்கி. அங்கே 1869-இல் தொடங்கிய ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2023 ஆகஸ்ட் முதல் போபோடியில் மெட்ரோ ரயிலும் நிற்கிறது.

வேலைக்காக இங்கே குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்குத் தீபாவளி அந்நியமாக இருக்காது. நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல் இங்கும் உண்டு. மராட்டியர்கள் 'உட்டணே' என்ற வாசனைப் பொடி தேய்த்துக் குளிப்பார்கள். 'காரீட்' என்ற கசப்புக் காயை நரகாசுரனாக நினைத்துக் காலால் நசுக்குவார்கள்.

பிள்ளைகளுக்கோ கோட்டை கட்டுவதுதான் கொண்டாட்டம். கல்லடுக்கி, சேறு பூசி, உச்சியில் சத்ரபதி சிவாஜி பொம்மையை உட்கார வைப்பார்கள். சரிவில் கடுகு தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் பச்சை பிடிக்கும். நம் கொலுப் பூங்காவிலும் இதே வித்தைதான்!

புனேவுக்குக் குடிபோகிறீர்களா? தீபாவளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மண் குழைக்க அனுப்புங்கள். மராத்தி தானாக வந்துவிடும்.