திரை திறக்கும் முறையும் உரிமை வகுக்கும் நெறியும்

கல்லூரிக் கணினிக்கூடத்தில் ஒரே கணினியைப் பல மாணவர் மாறி மாறி ஆளுவர். காலையில் ஒருவர் எழுதிய கட்டுரையை மாலையில் மற்றொருவர் அறியாது அழித்துவிடின், அழிந்தது ஒரு கோப்பு மாத்திரமன்று. ஒரு தவணையின் உழைப்புமாம். இத்தகைய கேடு நிகழாவண்ணம் காக்கும் ஏற்பாடு யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அமைந்துள்ளது. அதனையும், அத்தளங்களில் வரைவுத் திரை தோன்றும் முறையினையும், அவ்விரண்டிற்குமுள்ள தொடர்பினையும் ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

யூனிக்ஸ், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 ஆம் ஆண்டு கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் தொடங்கப்பட்டது. அதன் நெறியைத் தழுவி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். அக்கருவைக் கொண்டு அமைந்த தொகுப்புக்கள் பலவற்றுள் 1993 இல் தொடங்கிய டெபியனும் ஒன்று. அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்தளம் நிறுவப்பட்ட கணினி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பழைய கணினிகளிலும் இஃது இனிது இயங்கும்.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. இத்தளங்களில் வரைவுத் திரை என்பது கருவின் உறுப்பன்று. கருவின்மேல் இயங்கும் தனி நிரலே. எக்ஸ் என்னும் சாளர முறைமை 1984 இல் மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திலே பிறந்தது. அதன் பதினோராம் வடிவம் 1987 இல் வெளிவந்தது. 2008 இல் தொடங்கப்பெற்ற வேலண்ட் என்பது அதன் இடத்தைப் படிப்படியாக ஏற்று வருகின்றது. ஆதலின் திரை தோன்றாத பொழுது கணினியே பழுதாயிற்று என அஞ்சவேண்டுவதில்லை. படலை திறவாதிருக்கலாம், வீடு இடிந்துவிடவில்லை.

கணினிக்கு மின்னூட்டியதும் அதன் நிலைபொருள் விழித்து, கிரப் என்னும் ஏற்றியை அழைக்கும். ஏற்றி, கருவை நினைவகத்தில் இருத்தும். கரு தன் முதற் செயலைத் தொடக்கும். அதன் இலக்கம் 1. டெபியனில் 2015 முதல் அவ்விடத்தில் வழமையாக இருப்பது சிஸ்டம்டி. அது, எந்நிலைவரை செல்லவேண்டும் என்பதை 'இலக்கு' ஒன்றினால் அறியும். 'மல்ட்டியூசர் டார்கெட்' என்பது எழுத்துத் திரையோடு நிற்கும் நிலை. 'கிராபிக்கல் டார்கெட்' என்பது அதற்கும் மேலே சென்று புகுதிரையைக் காட்டும் நிலை. அப்புகுதிரையைக் காட்டுவது லைட்டிஎம் முதலிய காட்சி மேலாளி. அதன்வழியே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்த பின்னரே மேசைத்தளம் விரியும்.

எந்த இலக்கு வகுக்கப்பட்டுள்ளது என அறிய 'சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபோல்ட்' எனும் கட்டளை போதும். எவரும் அதனை இடலாம். அதனை மாற்றுதற்கோ 'செட்-டிஃபோல்ட்' என்பதோடு இலக்கின் பெயரும் வேண்டும். மேலாண்மை உரிமையும் வேண்டும். காண்பதற்கு ஒரு நெறி, மாற்றுவதற்கு வேறொரு நெறி. உரிமை வகுப்பின் சாரம் இதுவே.

இனி அவ்வுரிமையை நோக்குவாம். ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர், குழு, ஏனையோர் என மூவகையினர் உளர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என உரிமையும் மூன்று. அவற்றிற்கு முறையே 4, 2, 1 என இலக்கம் இடுவர். எனவே 640 என்பது உடையவர் படித்து எழுதவும் (4+2), குழுவினர் படிக்க மாத்திரமும் (4), ஏனையோர் எதுவும் செய்யாதிருக்கவும் (0) விதிப்பதாம். ஆசிரியரின் புள்ளிப் பட்டியலுக்கு 600 தகும். அடைவுகளில், இயக்குதல் என்பது உட்புகும் உரிமையைக் குறிக்கும்.

பலர் அறியாத நுட்பம் ஒன்று ஈண்டுண்டு. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பிலே தங்கியிருப்பதன்று. அதனைக் கொண்டுள்ள அடைவின் எழுதும் உரிமையிலே தங்கியிருப்பது. ஆகவே எல்லோரும் எழுதத்தக்க அடைவொன்றில், தனது கட்டுரையைப் 'படித்தல் மாத்திரம்' எனப் பூட்டி வைத்த மாணவனது கோப்பையும் அயலவன் அழித்தல் கூடும். இதற்கு மாற்றும் உண்டு. வகுப்பு மாணவரை ஒரு குழுவாக்கி, பொது அடைவை ஆசிரியருக்கும் அக்குழுவுக்கும் உரியதாக்கி, 3770 என வகுத்தல் வேண்டும். முன்னிற்கும் 3 என்பது 2 உம் 1 உம் சேர்ந்தது. 2 என்பதனால் புதிய கோப்புக்கள் அடைவின் குழுவையே பெறும். 1 என்பதனால் கோப்பின் உடையவர், அடைவின் உடையவர், தலைமைப் பயனர் என்போரன்றிப் பிறர் அதனை அழித்தல் இயலாது. மாணவனைக் குழுவிற் சேர்க்கும் 'யூசர்மொட்' கட்டளையில் பெரிய ஜீ எழுத்தோடு சிறிய ஏ எழுத்தும் இருத்தல் வேண்டும். அதனை விடின் அவன் முன்பிருந்த பிற குழுக்களினின்றும் நீக்கப்படுவான். அவன் மீண்டும் புகுந்த பின்னரே புதிய உரிமை பயன்தரும்.

எல்லாம் வல்ல தலைமைப் பயனருக்கு ரூட் எனப் பெயர், இலக்கம் 0. அவருக்கு இத்தடைகள் பொருந்தா. அவரது ஆற்றலை வேண்டும்பொழுது மாத்திரம் பெறும் வழியே 'சூடோ'. அதிபரின் இலச்சினையை ஒரு கடிதத்திற்கு மாத்திரம் இடுவித்தல் போன்றது அது. இலச்சினையையே பையில் வைத்துத் திரிதலன்று.

திரையும் உரிமையும் சந்திக்குமிடம் ஒன்றைக் காட்டி அமைவாம். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் மேசைத்தளம் விரியாது, புகுதிரையே மீண்டும் மீண்டும் தோன்றுவதுண்டு. வன்தட்டு நிரம்பினாலும் இவ்வாறு நேரலாம். 'டிஎஃப்' என்னும் கட்டளை அதனைக் காட்டும். தட்டில் இடமிருப்பின், பயனரின் இல்ல அடைவிலுள்ள எக்ஸ்அத்தாரிட்டி என்னும் மறைகோப்பை நோக்குக. திரையை ரூட் உரிமையோடு இயக்கியதனால் அது ரூட்டுக்கு உரியதாகிவிடுதல் உண்டு. தன் வீட்டுத் திறப்பு பிறர் பெயரிலிருப்பின் வீட்டுக்காரர் எங்ஙனம் புகுவார்? கொன்ட்ரோல், ஓல்ட் விசைகளோடு எஃப்3 ஐ அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று, 'எல்எஸ்' கட்டளையால் உடையவரைக் கண்டறிந்து, 'சௌன்' கட்டளையால் அக்கோப்பை உரியவருக்கே மீட்டளித்தால் குறை தீரும்.

இவ்விடத்தில் பொறுமை இழப்போர் சிலர், எல்லாவற்றிற்கும் 777 எனும் உரிமையை ஒரேயடியாக வழங்கிவிடுவர். அது மருந்தன்று, நோய். முழு அமைப்பிற்கும் அவ்வாறு வழங்கின், சூடோ தானே இயங்க மறுக்கும். அதற்குரிய சிறப்புக்குறி அழிந்துவிடுமாதலின். எல்லாக் கதவையும் திறக்கப்போய்த் திறப்பையே முறித்தவாறாகும்.

ஆதலின் மாணவர்காள், உரிமை மறுக்கப்பட்டது எனக் கணினி கூறும்பொழுது சினவாது, யாருடைய கோப்பு, யாருக்கு என்ன உரிமை என முதலில் வினவுங்கள். தமக்கு வேண்டிய அளவே உரிமை பெற்று, பிறர் உழைப்பைத் தீண்டாது ஒழுகுவோர் பலர் கூடிய இடத்திலேதான் ஒரு கணினி நூறு மாணவருக்கும் பயன்படும்.