படகின் அடியில் தாமிரம்: சட்டம் எட்டாத 24 மீட்டர்

பெங்களூரு: கடலே இல்லாத இந்த நகரிலிருந்து படகுக்குப் பூசும் வண்ணத்தைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், மங்களூரு, மால்பே மீன்பிடித் துறைமுகங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கும் மாநில அரசு இங்குதான் இருக்கிறது. அந்த வண்ணத்துக்கு மாற்றாகப் பேசப்படும் ஒரு பொருள் ஆராயப்பட்டதும் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில்தான்.

கடலில் நிற்கும் எந்தப் படகின் அடியிலும் முதலில் நுண்ணுயிர்ப் படலமும், பிறகு பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்து டீசல் செலவு கூடும். இதைத் தடுக்கவே தாமிர ஆக்சைடு கலந்த வண்ணம் பூசப்படுகிறது. தாமிரம் சிறுகச் சிறுகக் கசிந்தால்தான் அது பலன் தரும். நீரோட்டம் குறைந்த துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கமாக நிற்கும்போது அக்கசிவு நீரிலும் அடிவண்டலிலும் சேர்கிறது. கடலுயிர்கள் நெடுங்காலம் தாங்கக்கூடிய தாமிரத்தின் அளவு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் மட்டுமே என்கிறது அமெரிக்க அரசின் வரையறை. சிப்பி, மட்டி ஆகியவற்றின் இளம்புழுக்களே முதலில் பாதிக்கப்படுகின்றன.

இதற்கு முன்பு கோலோச்சியது டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம். 1970-களின் பிற்பகுதியில் பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே அது நிலைகுலைய வைத்தது. 1982-ல் பிரான்ஸ் சிறு படகுகளில் அதற்குத் தடை விதித்தது. 2001-ல் உருவான சர்வதேச ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தை நமது நாடாளுமன்றம் 2014-ல் திருத்தியது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தப்படி சான்றிதழ் பெற வேண்டியவை 400 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள். அதற்குக் குறைந்தவற்றில் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை உறுதிமொழி அளித்தால் போதும். தமிழக அரசின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி விசைப்படகின் உச்ச நீளமே 24 மீட்டர்தான்! ஆக, நம் படகுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் என்ன பூசப்படுகிறது என்று கேட்க எந்தத் தாளும் இல்லை. தவிர, தாமிரம் அந்த ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலேயே கிடையாது. அதனுடன் கலக்கப்படும் சைபுட்ரைன் என்ற களைக்கொல்லிக்கு மட்டும் 2023 ஜனவரி முதல் தடை உள்ளது.

பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய வணிகக் கப்பல் மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியபோது, பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகளின் அமளி ஓயவில்லை. அந்தக் கூச்சலில் படகு வண்ணம் யார் நினைவுக்கு வரப்போகிறது?

பிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2018 முதல் உல்லாசப் படகு வண்ணங்களில் தாமிரக் கசிவுக்கு உச்சவரம்பு வைத்துள்ளது: ஒரு நாளில் சதுர செ.மீ.க்கு 9.5 மைக்ரோகிராம். சிலிக்கோன் பூச்சில் நஞ்சே இல்லை. ஆனால் விலை அதிகம். வேகமாக ஓடும் கப்பலுக்கே அது பொருந்தும். தடைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் படகுக்கு உதவாது.

ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகக் குழு 2012-ல் வேறு வழி காட்டியது. வனேடியம் பென்டாக்சைடு நுண்துகள்கள், கடல்நீரில் இயல்பாகவே உள்ள புரோமைடைக் கொண்டு நுண்ணுயிர்ப் படலத்தைத் தடுக்கின்றன என்பதே அந்தக் கண்டுபிடிப்பு. அதே சேர்மத்தின் நுண்கம்பிகள் உயிரணுக்களைக் காக்கும் நொதியைப் போலவும் இயங்கும் என்று பெங்களூரு அறிவியல் கழகத்தின் கோவிந்தசாமி முகேஷ் குழு 2014-ல் வெளியிட்டது. அது மருத்துவ நோக்கிலான ஆய்வு; படகுக்காகச் செய்யப்பட்டதல்ல. வனேடியமும் ஓர் உலோகம்தான் என்பதால், கடலில் அதன் விளைவையும் சோதித்தாக வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், கர்நாடகத்தில் ஜூன், ஜூலை மாதங்களிலும் மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றிப் பழைய பூச்சைச் சுரண்டுவது அப்போதுதான். கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டலைச் சேகரிக்கவும், கழுவுநீர் துறைமுகத்தில் இறங்காமல் வடிகட்டவும் புதிய சட்டம் வேண்டாம். மீன்வளத் துறையின் சுற்றறிக்கையே போதும்.