தும்பும் ழகரமும்

சொல்வதெழுதல் வேளையில் ‘வழி’ என்று நான் கூற, பின் வாங்கில் இருந்த மாணவன் ‘வலி’ என்று எழுதினான். ழகரம் அறியாதவன் என்று அவனைக் கடிந்துகொண்டேன். “எனக்கு அப்படித்தான் ஐயா கேட்டது” என்றான். முன் வாங்கில் அமர்த்தி மீண்டும் சொன்னேன், பிழையின்றி எழுதினான். குற்றம் பிள்ளையினதன்று, வகுப்பறையினது.

கதிரவெளியில் நான் எழுத்தறிந்த இடம் கிடுகு வேய்ந்த கொட்டில். ஆசிரியர் குரல் அங்கே தெளிவாகக் கேட்கும். இன்று சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் வந்துவிட்டன. அவை உறுதியானவை, ஆயின் ஒலியை ஏற்காது திருப்பி வீசுகின்றன. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை என்பது இலக்கணம். வலிய உயிரொலியின் எதிரொலி அடங்குமுன், அரை மாத்திரை மெய் அதனுள் மூழ்கிவிடுகின்றது.

இத்துயர் நமக்கு மட்டும் உரியதன்று. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபம் ஒன்றில், சொன்ன சொல் ஐந்தரை வினாடி ஒலித்துக்கொண்டிருந்தது. வாலஸ் சபீன் என்னும் உதவிப் பேராசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிற் கொணர்ந்து பரப்பி ஆராய்ந்தார். மெத்தைகள் பெருகப் பெருக எதிரொலி சுருங்கிற்று. நுண்ணிடைவெளிகளில் அசையும் காற்று உராய்வதால், ஒலியாற்றல் சிறிதளவு வெப்பமாக மாறுவதே காரணம். 1920களில் லூசியானாவில் கரும்புச் சக்கையிலிருந்தே இத்தகைய பலகைகள் செய்தனர்.

நமக்குத் தென்னந்தும்பு உண்டு. பொச்சுமட்டையை ஊறவைத்து அடித்து உலர்த்திய தும்பை, இரண்டு அங்குலத் தடிப்பில் மரச்சட்டத்துள் பரப்பி, ஐதான சாக்குத் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்று விலக்கிப் பொருத்தலாம். இறுக அழுத்துதலும் வர்ணம் பூசுதலும் ஆகா. இடைவெளிகள் அடைபட்டாற் பயன் குன்றும். வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் முன்னரே நனைத்து உலர்த்தினால் தீயும் பூச்சியும் எளிதில் பற்றா. மாரிமழை தகரத்தில் எழுப்பும் பேரோசையை இது தடுத்துவிடாது. அறைக்குள் எழும் எதிரொலியையே அடக்கும்.

பிள்ளைகளோடு நான்கு சட்டங்கள் செய்து பின்சுவரில் மாட்டினோம். எதிரொலி முற்றும் நீங்கவில்லை, குறைந்தது. இப்பொழுது ஒவ்வொரு சொல்லையும் பின் வாங்கின் அருகே நின்றும் ஒருமுறை சொல்லுகின்றேன். ஆசிரியத் தோழர்களே, சிவப்பு மையைத் தொடுமுன் வகுப்பறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிழை எவருடையது என்பதை அந்த ஓசை ஓரளவு உணர்த்தும்.