ஊசியிலை மரத்தின் பரம்பரைச் சுவடி

வித்துத் தாவரங்களை வித்துமூடியுளிகள், வித்துமூடியிலிகள் எனத் தாவரவியலார் இரண்டாக வகுப்பர். மாவும் பலாவும் நெல்லும் முன்னைய வகுப்பின. அவற்றின் வித்து சூலகத்தின் உள்ளே மறைந்து முதிர்வது. பைன், தேவதாரு, ஸ்புறூஸ் ஆகிய ஊசியிலை மரங்கள் பின்னைய வகுப்பின, அவை பூப்பதில்லை. கூம்பின் செதில்மீது வித்து மூடுவாரின்றிக் கிடக்கும். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலேயே இக்குலத்தின் உயிர்ச்சுவடுகள் காணப்படுகின்றன. இத்துணைப் பழைய குலம் இன்றும் வட ஐரோப்பா, சைபீரியா, கனடா ஆகிய நிலங்களின் பெருங்காடுகளில் மேலோங்கி நிற்கின்றது. அது கடந்துவந்த கூர்ப்பின் வழியை அறியப் பாறைகள் மாத்திரம் போதா; மரத்தின் கலத்தினுள்ளும் ஒரு வரலாறு எழுதப்பட்டுள்ளது.

கலத்தின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களில் டி.என்.ஏ. என்னும் நெடிய இழை அமைந்துள்ளது. நான்கே எழுத்துக்கள் மாறிமாறி வந்து இவ்விழையை ஆக்குகின்றன. அவ்வெழுத்துக்கள் அனைத்தும் சேர்ந்த தொகுதியை ஜீனோம் என்பர். ஈண்டு அது பரம்பரைச் சுவடி எனப்படும். கடுகினத்தைச் சேர்ந்த அராபிடொப்சிஸ் என்னும் சிறு பூண்டின் சுவடி 2000ஆம் ஆண்டிலே வாசிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 13 கோடி எழுத்து. மனிதனுடையது 300 கோடி. நோர்வே ஸ்புறூஸ் மரத்தினதோ ஏறக்குறைய 2,000 கோடி! ஊசியிலை மரங்களின் முறை நெடுங்காலம் வராதிருந்தமைக்கு இப்பருமனே காரணம்.

சுவீடன் நாட்டின் பொருள்வளத்திற் காடு பெரும்பங்கு வகிப்பது. எனவே அந்நாட்டு ஊமியோ நகரத்து ஆராய்ச்சியாளர் முன்னின்று இம்மரத்தின் சுவடியை வாசிக்கத் தொடங்கியது இயல்பே. அவர்தம் முடிபுகள் 2013 மே மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. இப்பணியில் ஊசியிலை மரங்கள் தாமே ஓர் உதவியும் செய்கின்றன. ஒவ்வோர் உயிரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகளைப் பெறுகின்றது. இரண்டையும் ஒருங்கே வாசிப்போர் பாடபேதங்களால் இடர்ப்படுவர். ஊசியிலை மரத்தின் வித்தில் முளையத்தைச் சூழ்ந்துள்ள உணவிழையமோ தாயின் பிரதி ஒன்றை மட்டுமே கொண்டது. 2014இல் வெளியான அமெரிக்க லொப்லொலிப் பைனின் சுவடி பெரும்பாலும் ஒரேயொரு வித்தின் இத்தகைய இழையத்தினின்று பெறப்பட்டது என்றால் அதன் அருமை விளங்கும்.

வாசித்தபின் கிடைத்த விடை பலரும் எதிர்பாராதது. ஸ்புறூஸ் மரத்திற் கண்ட பரம்பரையலகுகள் ஏறத்தாழ 28,000. அராபிடொப்சிஸ் பூண்டிலும் தொகை அவ்வளவே. நீளத்தில் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. பொருளில் வேறுபாடு இல்லை. அங்ஙனமாயின் எஞ்சிய பக்கங்களில் எழுதப்பட்டிருப்பது யாது?

பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் இடைச்செருகல் என்பதை நன்கறிவர். உயிரின் சுவடியிலும் இடைச்செருகல் உண்டு. தன்னைத் தானே பிரதிசெய்து வேறோரிடத்தில் நுழைந்துகொள்ளும் துண்டுகள் அவை. எல்லா உயிர்களிலும் இவை காணப்படுமாயினும், பல தாவரங்கள் இவற்றைக் களையும் வழியும் உடையன. செருகலின் இரு முனைகளும் ஒரேவகை வரிசையுள்ளவை; அம்முனைகள் தம்முட் பொருந்தி மாறும்போது நடுப்பகுதி கழன்றுபோய், ஒரு முனை மாத்திரம் தழும்பாக எஞ்சும். நெல்லில் இத்தழும்புகள் மிகுதி. ஸ்புறூஸ் மரத்தில் அவை அரிது. முழுச்செருகல்களே பெரிதும் காணப்படுகின்றன. அவை ஒரே காலத்திற் புகுந்தனவும் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்தவை. பைன், அபீஸ், யூனிப்பர், யூ ஆகிய மரங்களையும் ஓரளவு வாசித்து ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், அவற்றிலும் இதே வகைச் செருகல்களைக் கண்டனர். ஆகவே இவ்வியல்பு தனியொரு மரத்தின் குறையன்று; குலத்தின் வழக்கம் எனலாம்.

பூக்குந் தாவரங்களின் வரலாறு வேறு. அவை தம் சுவடி முழுவதையும் திரும்பத் திரும்ப இரட்டித்துப் பின்னர் வேண்டாதனவற்றைக் கழித்து வந்தவை. கோதுமை மூன்று தாவரங்களின் சுவடிகளை ஒருங்கே சுமப்பது. ஸ்புறூசும் பைனும் பன்னிரண்டு சோடி நிறமூர்த்தங்களை மாறாது பேணுகின்றன; அண்மைக் காலத்தில் இரட்டிப்பு நிகழ்ந்தமைக்கு அவற்றிற் சான்றில்லை. மிகப் பழங்காலத்தில் நிகழ்ந்ததா என்பதே வழக்கு. நிகழ்ந்தது என்று 2015இல் ஒரு சாரார் வாதித்தனர், மறுப்பாரும் உளர். செருகல்களின் கதையை இவ்வழக்கு அசைப்பதன்று. மரம் பருத்தது இரட்டிப்பினாலன்று, கழிக்காமையினால் என்பதற்கு ஆதாரம் வலிது.

இச்செருகல்கள் பரம்பரையலகுகளுக்கு இடையிற் கிடப்பதோடு அமையவில்லை. அவற்றின் உள்ளேயும் புகுந்துள்ளன. புரதத்தை ஆக்குதற்கு வேண்டிய பகுதிகளைப் பிரித்து நிற்கும் இடைப்பகுதிகள் இம்மரங்களில் வியக்கத்தக்க நீளமுடையன. இவ்வளவு பெரிய இடையீட்டைத் தாண்டிக் கலம் எவ்வாறு பிழையின்றி வாசிக்கும் என்ற ஐயம் எழுவது இயல்பே. 2022இல் சீனப் பைனின் 2,500 கோடி எழுத்துக்களையும் நிறமூர்த்தம் நிறமூர்த்தமாக ஒழுங்குபடுத்திய சீன ஆராய்ச்சியாளர் இவ்வையத்தை ஆராய்ந்தனர். நெடிய இடைப்பகுதிகளையுடைய பரம்பரையலகுகள் முடங்கிக் கிடக்கவில்லை. அவற்றின் செயற்பாடு நன்றாகவே நிகழ்கின்றது என்பதே அவர்கள் கண்டது.