இலங்கைக்குப் பிரயாணம் செய்வோர் அறிய வேண்டுவன

கடல் கடந்த நாடுகளுள் நமக்கு மிக அண்மையது இலங்கை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் அதனையொட்டிக் கப்பல் போக்குவரத்தும் ஏற்பட்டபின், நம் முன்னோர் ரயிலேறிக் கப்பலேறி மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பலும் 1980களில் நின்றுவிட்டது. ஆயினும் அப்பழைய நினைவாலும், அங்கும் தமிழ் வழங்குவதாலும், அடுத்த ஜில்லாவுக்குப் போவதுபோல இலங்கைக்குப் புறப்பட்டுவிடலாம் என நம் அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அது வேறு அரசு, வேறு சட்டம், வேறு நாணயம் உடைய நாடு. ஆமத்தூர் வட்டாரத்திலிருந்து செல்வோருக்கு இருக்கும் சில தனிப்பட்ட சங்கடங்களையும் சேர்த்து ஈண்டு விளக்குவோம்.

இப்போது நமக்குச் சௌகரியமான வழி மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குச் செல்வதாகும். யாழ்ப்பாணம் செல்வோருக்குச் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய சேவையின்படி திருச்சிராப்பள்ளியிலிருந்தும் விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தலைப்பட்டது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அது நிற்பது வழக்கம். ஆகையால் கப்பலை நம்பித் திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு, மறுநாளே திருமணத்துக்கு வருவதாக வாக்குக் கொடுப்பது விவேகமன்று.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருத்தல் வேண்டும். அதனுடன் இலங்கை அரசின் மின்னணுப் பிரயாண அனுமதியை முன்கூட்டியே பெறுவது நலம். 2023 நவம்பர் முதல் இந்தியருக்குக் கட்டண விலக்கு அளிக்கும் அறிவிப்புகள் வந்துள்ளன. ஆனால் அவ்விதிகள் அடிக்கடி மாறுகின்றன. புறப்படும் வாரத்தில் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அரசுத் தளத்திலேயே விசாரித்துக்கொள்க. அதைப் போலவே தோற்றமளித்துப் பணம் பறிக்கும் போலித் தளங்களும் உண்டு. சுற்றுலா அனுமதியில் சென்று வேலை பார்க்கலாம் என எவரேனும் ஆசை காட்டினால், அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: பயிர்க்கடனாக வாங்கிய தொகையைக் கொண்டு டிக்கட் வாங்குவது கூடாது. இதைச் சொல்லாமற் போனால் நம் உத்தியோகத்துக்கு அழகன்று.

நம் வட்டாரத்துக்கே உரிய சங்கதிக்கு வருவோம். ஆமத்தூர், சிவகாசிப் பகுதிகளில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செல்லாத குடும்பங்கள் குறைவு. உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான்கு பெட்டி கம்பி மத்தாப்பை மூட்டையில் வைத்துவிடுவது நம் வழக்கம். விமானத்தில் பட்டாசு, மத்தாப்பு, வண்ணத் தீக்குச்சி எதுவும் கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. கண்டுபிடிக்கப்பட்டால் பொருள் போவதோடு பிரயாணமும் நின்று வழக்கும் வரலாம். மேலும், விமான நிலையங்களில் பையையும் கையையும் சிறு துணியால் துடைத்து, வெடிமருந்தின் மிக நுண்ணிய துகளையும் கண்டறியும் கருவியில் வைத்துப் பார்க்கின்றனர். ஆலைக்கு உணவு கொண்டுபோகும் பையிலோ, மருந்து கலக்கும்போது உடுத்திய ஆடையிலோ பொட்டாசியம் நைட்ரேட் ஒட்டியிருக்கக்கூடும். குற்றமற்றவராயினும் அங்கே நின்று விளக்கம் சொல்ல நேரும். அதற்குள் விமானம் போய்விடும். எனவே ஆலைக்கு ஒருநாளும் கொண்டுபோகாத புதிய பையையும், நன்கு துவைத்த ஆடையையும் பயன்படுத்துக. புறப்படுமுன் நகத்தின் இடுக்கு வரை சோப்பிட்டுக் கழுவுக. தொழிற்சாலை அடையாள அட்டை இருந்தால் அதையும் உடன் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, பிறர் தரும் பொட்டலத்தை எக்காரணத்தாலும் ஏற்க வேண்டாம். இராமநாதபுரம் கரையிலிருந்து மஞ்சளும் பீடி இலையும் கடத்தப்பட்டுப் பிடிபடும் செய்திகளைப் பத்திரிகையில் படிக்கிறோம். சுமந்தவரே பதில் சொல்லவேண்டியவர். கொடுத்தனுப்பியவரைத் தேடி எவரும் வரமாட்டார்.

நம்மவரில் சிலர் மலைநாட்டில் உறவினரைத் தேடிச் செல்ல விரும்புகின்றனர். இது நியாயமான ஆசை. விருதுநகர் மாவட்டம் 1985இல் பிரியுமுன் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவிலிருந்தும் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்தும் சென்ற கூலிக்குடும்பங்களே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கின. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. அதனால் அண்ணன் அங்கேயும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. இப்போது தேடிச் செல்வோர் 'நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டம்' என்ற குறிப்போடு புறப்பட்டால் அலைந்து திரும்ப வேண்டியதே. அங்குள்ள தோட்டங்களுக்குக் கம்பெனிப் பெயர் ஒன்றும், தொழிலாளர் தமிழில் இட்டு வழங்கும் பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர்கள் இருப்பதுண்டு. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. ஆகையால் பழைய கடிதம் ஒன்றிருந்தால் அதன் உறையோடு எடுத்துச் செல்க. அதில் தோட்டத்தின் பெயர், டிவிசன், அருகிலுள்ள தபாலாபீசு ஆகியவை இருக்கும். தாத்தாவின் பெயரோடு, அவரை அழைத்துச் சென்ற கங்காணியின் பெயரும், இங்குள்ள பூர்வீக ஊரின் பெயரும் தெரிந்தால், லயத்திலுள்ள முதியவர்கள் அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துத் தருவார்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் ரயில் ஹட்டன், நானுஓயா வழியாகச் செல்லும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலால் மலைநாட்டில் மண்சரிவு ஏற்பட்டு இருப்புப்பாதையும் சாலைகளும் பெருஞ்சேதமுற்றன. எந்தப் பகுதிவரை ரயில் ஓடுகிறது என்பதை முன்னதாக விசாரித்தறிக.

மழையைப் பற்றி நம் கரிசற்காட்டுக் கணக்கு அங்கே செல்லாது. தென்மேற்குப் பருவத்தில் மே முதல் செப்டம்பர் வரை கொழும்பும் மலைநாட்டின் மேற்குச் சரிவும் நனையும். அப்போது யாழ்ப்பாணமும் கிழக்குக் கரையும் வறண்டிருக்கும். ஐப்பசிக்குப் பின் நிலைமை மாறும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. கம்பளிச் சட்டை இல்லாது சென்றால் இரவில் உறக்கம் வாராது. தேயிலைச் செடிகளுக்கிடையே நடந்தால் காலில் அட்டை ஏறும். டெங்குவும் உண்டு, கொசுவிடம் ஜாக்கிரதையாயிருக்கவும்.

அங்கும் நாணயத்தின் பெயர் ரூபாயே. நம் ஒரு ரூபாய் அந்நாட்டு மூன்று ரூபாய்க்கு மேல் பெறும். விலை கேட்டுத் திடுக்கிடவும் வேண்டாம், 'எந்த ரூபாய்?' என்று கேட்காமல் பணம் கொடுக்கவும் வேண்டாம். நோட்டுகளில் சிங்களத்தோடு தமிழும் அச்சிடப்பட்டிருக்கிறது. 'முச்சக்கர வண்டி' என்பது ஆட்டோ. 'பாண்' என்பது ரொட்டி. 'கதைப்பது' என்பது பேசுவது. பொலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990 என்ற எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்க.

பௌத்த ஆலயங்களில் தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்துக. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அங்கே பெரும் அவமரியாதை. நெசவாளருக்கு ஒரு குறிப்பு: புத்தர் உருவம் அச்சிட்ட துணியை நல்லெண்ணத்தோடும் கொண்டுபோக வேண்டாம். பௌர்ணமி தோறும் 'போயா' விடுமுறை. அன்று மது, இறைச்சிக் கடைகள் மூடப்படும். 2009இல் முடிந்த போரின் எச்சமாக வடக்கில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் உள்ள இடங்களில் பாதையை விட்டு இறங்கலாகாது.

நேரமுள்ளவர் கிழக்குக் கரையில் மருதமுனைக்குச் சென்று, அங்குள்ள முஸ்லிம் நெசவாளர் தறியில் நெய்யும் சாரத்தைப் பார்த்து வரலாம். கூட்டுறவுச் சட்டம் அங்கே 1911இல் வந்தது. நமக்கு ஏழாண்டு பிந்தியது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளைப் பல ஊர்களில் காணலாம். யாழ்ப்பாணத்து மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரியே நடக்கிறது. கணக்கெழுதும் முறையை விசாரித்துக் குறித்து வந்தால் இங்குள்ள சங்கங்களுக்குப் பயன்படும்.

விவசாய அங்கத்தினர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தில் விளையும் வெங்காயத்தையும் மிளகாயையும் கண்டால் விதை எடுத்துவரக் கை நீளும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடைக்காப்பு ஆணைப்படி, அனுமதியின்றி விதை, செடி, பதியன் எதையும் நம் நாட்டுக்குள் கொண்டுவரலாகாது. ஒரு பிடி விதையோடு வரும் பூச்சியும் நோயும் ஒரு தாலுகாவின் பயிரையே கெடுத்துவிடும். பதப்படுத்திப் பொட்டலமிட்ட தேயிலைத் தூளை வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்க.